டயர் துப்பணுமா, பிடிச்சு வைக்கணுமா? சேற்றுக்கும் பனிக்கும் டயர், டிஸ்க் வாங்க ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், தார் ரோட்டிலிருந்து எங்கள் தக்காளித் தோட்டத்துக்குப் போகும் முக்கால் கிலோமீட்டர் வண்டிப்பாதை களி கிண்டிய சட்டி மாதிரி ஆகிவிடும். பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கு விடியற்காலையிலேயே பெட்டி போய்ச் சேர வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு அப்படி ஒரு விடியலில் என் மஹிந்திரா தார் ஜீப் நாலு சக்கரமும் சுற்றியபடியே நின்ற இடத்தில் நின்றது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரில் பட்டன் (தரையைக் கடிக்கும் ரப்பர்க் கட்டை) ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளமெல்லாம் செம்மண் அப்பி, ஈரக் கையால் வழித்துவிட்ட களி உருண்டை போல வழவழவென்று இருந்தது. வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத டயர்தான். ஆனால் அந்த நிமிடத்தில் அது மொட்டை டயர்.

டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்ட பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னியே கண்ணு, மண்ணு உட்டாத்தானே இழுக்கும்?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு செட் டயர், ஒரு செட் டிஸ்க் (டயரை மாட்டும் ரிம்), ஒரு பனிப்பயணம் என்று நிறையப் பணம் கரைந்தது. அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கும். சேற்றுக்கான டயர், வாயில் போன மண்ணை அடுத்த சுற்றுக்குள் துப்பிவிட வேண்டும். பனிக்கான டயர், வாயில் போன பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். உள்ளங்கையில் பனியை அழுத்தினால் உருண்டையாகத் திரள்கிறதே, அதே சங்கதி. இப்படி நேரெதிரான இரண்டு வேலையையும் ஒரே டயர் முழுசாகச் செய்யாது. "மட் அண்ட் ஸ்னோ" என்று பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முதல் படி: உங்கள் மண்ணைப் பாருங்கள்

டயர் கடைக்குப் போகும் முன், மழை நின்ற மறுநாள் உங்கள் பாதையில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். எத்தனை அங்குலத்தில் கெட்டித் தரை தட்டுகிறது என்பதுதான் கேள்வி.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பெரும்பாலும் செம்மண். பல இடங்களில் அது மெல்லிய போர்வைதான்; கீழே சரளையோ பாறையோ இருக்கும். மேலே நாலைந்து அங்குலம் வழுக்கும், அதற்குக் கீழே பிடிமானம் உண்டு. இந்த மாதிரி இடத்துக்கு அகலமான டயர் வேண்டாம். குறுகலான டயர் சேற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும். பழைய ஜீப்புகள் ஒல்லி டயரோடு மலைக்கிராமங்களுக்கு ஏறிப் போனதன் ரகசியம் இதுதான்.

ஏரி உள்வாய் வேறு கதை. மேட்டூர் அணை நீர் வடிந்த பிறகு நாகமரைப் பக்கம் கரையோர வண்டலில் வண்டியை இறக்கியவர்களுக்குத் தெரியும்: மேலே காய்ந்து வெடித்த ஓடு, உள்ளே தயிர். கம்பியைக் குத்தினால் போய்க்கொண்டே இருக்கும். அங்கே குறுகல் டயர் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அகலமான டயர், அதிலும் காற்றைக் குறைத்தால்தான் மேலே மிதக்கும். அதைவிடச் சிறந்த யோசனை, இறங்காமல் இருப்பது.

அங்கங்கே கரிசல் திட்டுகளும் இருக்கின்றன. செம்மண்ணை உதறலாம், கரிசலை உதற முடியாது. மட்கார்டு உள்பக்கம் வரை அப்பிச் சக்கரத்தையே பூட்டிவிடும். கரிசலில் தினமும் ஓட்டுகிறவருக்கு மட்டும் பெரிய பள்ளமுள்ள டயர் ஆடம்பரம் இல்லை, அவசியம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் மண்ணை விட்டுவிட்டுப் பக்கச்சுவரைக் கவனியுங்கள். அந்தச் சில்லு டயரின் பட்டனைவிடப் பக்கச்சுவரைத்தான் பிளேடு போலக் கிழிக்கும். பக்கச்சுவரில் மூன்று அடுக்கு இழை உள்ள டயரைத் தேடுங்கள். பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் கடையில் வழியில்லை, டயர் குப்பைக்குத்தான்.

இன்னொன்று. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. அங்கே அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்குவது குற்றம். யானை பார்க்க ஆசைப்பட்டு வழக்கில் சிக்கியவர்கள் கதை வேண்டாம். இந்த வழிகாட்டி தோட்டத்துக்கும் ஊர்ப் பாதைக்கும் மலைக்கிராமத்துக்கும் போகிறவர்களுக்காகத்தான்.

இரண்டாம் படி: டயர் வாங்கும் முன் காற்றைக் குறைத்துப் பாருங்கள்

இதற்குச் செலவு காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு நல்ல ஏர் கேஜ், சிகரெட் லைட்டரில் மாட்டுகிற ஒரு சின்னக் கம்ப்ரசர். அவ்வளவுதான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐ என்று இருந்தால், சேற்றில் இறங்கும் முன் 20-க்குக் கொண்டு வாருங்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளவாக்கில் கூடும். டிராக்டர் செயின் மாதிரி நீண்ட பாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டன்களும் சற்றே நெளிந்து விரியும், மண் உதிரும்.

என் வண்டி மாட்டிக்கொண்ட அதே பாதையில், அதே டயரோடு, அடுத்த மழையில் 18-க்குக் குறைத்து ஓட்டினேன். ஆடி ஆடி என்றாலும் போய்ச் சேர்ந்தது. வாங்கிக் குவிக்கும் முன் இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

15-க்குக் கீழே சாதாரண டிஸ்க்கில் போகாதீர்கள். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று உட்கார்ந்துவிடும். ட்யூப் போட்ட பழைய ஜீப் என்றால் 20-க்குக் கீழேயே பயம்தான்: டயர் டிஸ்க் மேல் வழுக்கிச் சுற்றும், உள்ளே ட்யூபும் சேர்ந்து நகரும், வால்வு வேரோடு பிய்ந்துகொண்டு வரும். காற்றைக் குறைத்த வண்டியை 30, 40 வேகத்துக்கு மேல் விரட்டக் கூடாது. தார் ரோடு ஏறியதும் முதல் வேலை காற்றடிப்பது. குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

மூன்றாம் படி: எந்த வகை

கடையில் மூன்று பெயர் சொல்வார்கள். எச்டி (HT) என்பது நெடுஞ்சாலை டயர். பள்ளம் குறைவு, சத்தமில்லை, வண்டியோடு பெரும்பாலும் இதுதான் வரும். ஏடி (AT) என்பது எல்லாத் தரைக்கும் பொதுவானது. எம்டி (MT) என்பது சேற்றுக்கென்றே செய்தது: கட்டை கட்டையான பட்டன்கள், நடுவே விரல் நுழையும் பள்ளம், பக்கச்சுவரிலும் ஏறி நிற்கும் கொம்புகள்.

அந்த விடியற்காலைக் கோபத்தில் நான் நேராக எம்டி வாங்கினேன். சேற்றில் ராஜா, அதில் சந்தேகமே இல்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் மண்ணைப் பிய்த்து எறிந்துகொண்டே போகும். இதையும் கவனியுங்கள்: எம்டி துப்ப வேண்டுமானால் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். பொத்திப் பொத்தி ஓட்டினால் எம்டியும் அப்பிக்கொள்ளும். வண்டி திணறும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டினால் பக்கவாட்டுக் கொம்புகள் பள்ளத்தின் சுவரைக் கடித்து ஏறும்.

ஆனால் நான் சேற்றில் இருப்பது வருடத்துக்கு இருபது நாள். மீதி நாளெல்லாம் தருமபுரி, ஓசூர், சேலம். 60 வேகத்தைத் தாண்டினால் வண்டிக்குள் தேனீக்கூடு கலைந்த மாதிரி ஒரு ரீங்காரம். வீட்டில் இருப்பவர்கள் பின்சீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார்கள். டீசலும் கூடுதலாகக் குடித்தது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தொப்பூர் இறக்கத்தில் ஒரு சாரல் மழை நாளில் முன்னால் போன லாரி பிரேக் அடித்தது. நானும் அடித்தேன். நான் நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு வண்டி நீளம் வழுக்கிப் போய்த்தான் நின்றது. லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த மூன்று வார்த்தையும் இன்னும் நினைவிருக்கிறது. எம்டியில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நீரை வழித்துவிடும் மெல்லிய கீறல்களும் குறைவு. ஈரத் தாரில் பிடிமானம் குறையத்தான் செய்யும். அந்த வாரமே விற்கத் தீர்மானித்தேன்.

ஆகவே என் கணக்கு இது: கடந்த ஒரு மாதம் நீங்கள் ஓட்டிய கிலோமீட்டரை நேர்மையாக எழுதுங்கள். பத்தில் எட்டு பங்கு தார் ரோடு என்றால் ஏடி. பாதிக்குப் பாதி என்றாலும் ஏடிதான், பட்டன் கொஞ்சம் ஆழமான ரகம். தினமும் கரிசலோ, மழைக்காலம் முழுக்கக் கட்டுமான வேலையோ, அல்லது தோட்டத்துக்கென்றே தனியாக ஒரு பழைய ஜீப்போ இருந்தால் மட்டும் எம்டி. வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் என்று மலைமேல் போகிறவர்களுக்கும் ஏடியே போதும். அங்கே பெரும்பாலும் தார் அல்லது சரளை, சேறு என்பது கடைசி இரண்டு கிலோமீட்டர் சமாச்சாரம்.

ஃபோர்-வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வசதி) இல்லாத பொலிரோக்காரர்களும் மனம் தளர வேண்டாம். நல்ல ஏடி, 20 பிஎஸ்ஐ, பின்னால் இரண்டு மூட்டை எடை. எச்டி போட்ட ஃபோர்-வீலைத் தாண்டிப் போனதை என் மைத்துனர் வண்டியில் பார்த்திருக்கிறேன். அவர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

நான்காம் படி: பக்கச்சுவரைப் படியுங்கள்

245/75 ஆர்16 என்று இருந்தால் 245 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில்.

அதையடுத்து 111எஸ் போல ஒன்று இருக்கும். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும்; 104 என்றால் 900 கிலோ. எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை, க்யூ என்றால் 160 வரை. எடை எண்ணில் மட்டும் கம்பெனி கொடுத்ததைவிடக் கீழே இறங்காதீர்கள். தக்காளிப் பெட்டி ஏற்றும்போது அது புரியும்.

அடுத்தது டிஓடி (DOT) குறி. அதன் கடைசி நாலு இலக்கம்தான் டயரின் பிறந்த நாள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நான் எம்டி வாங்கியபோது இதைப் பார்க்கவில்லை. ஆஃபர் விலை என்று ஒரு கடையில் சொன்னார்கள், பளபளவென்று மெழுகு போட்டிருந்தார்கள், வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மறு வாரம் எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னண்ணா, நாலு வருஷத்துச் சரக்கா எடுத்துட்டு வந்துருக்கீங்க?" என்றார். கடைக்குத் திரும்பிப் போனால், மாட்டிய டயரை எடுக்க மாட்டோம் என்றார்கள். மாட்டிய பிறகு யார் எடுப்பார்கள்! ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகும். ஒரு வருடத்துக்குள் செய்த டயராகக் கேளுங்கள். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்துக்கும் ஒரே பிறந்த நாள் இல்லாவிட்டாலும் சில மாத வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். குறி ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக இருக்கும் என்பதால், மாட்டும் முன்பே திருப்பிப் பாருங்கள்.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் காருக்கும் ஜீப்புக்கும் சட்டப்படியே டயர் செல்லாது. சேற்றுக்கு அதெல்லாம் ரொம்பப் பிந்திய கணக்கு. ஆழம் 5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலே செம்மண்ணில் துப்புவது நின்றுவிடும்.

ஐந்தாம் படி: பெரிய டயர் ஆசை

எல்லோருக்கும் வரும் ஆசை இது. கணக்குப் போட்டுவிட்டு ஆசைப்படுங்கள். மாருதி ஜிம்னியில் வருவது 195/80 ஆர்15. பக்கச்சுவர் 195-இல் 80 சதவீதம், அதாவது 156 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 312. பதினைந்து அங்குல டிஸ்க் 381. மொத்த உயரம் 693 மில்லிமீட்டர். இதில் 235/75 ஆர்15 மாட்டினால் 733.5 வரும். கூடுதல் 40 மில்லிமீட்டர். தரையிலிருந்து அச்சு உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர்தான். இரண்டு விரல் தடிமன்கூட இல்லை.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: மீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 84, 85-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியரெல்லாம் ஆறு சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி மேட்டில் இழுவை குறையும். பிரேக் ஒரு கனமான சக்கரத்தை நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்கவசத்தில் உரசும். 215/75 ஆர்15 போட்டால் உயரம் 703.5, வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். மூன்று சதவீதத்துக்குள் நிற்பது நல்ல பழக்கம்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது உங்கள் சக்கரத்தைத்தான். உங்கள் வண்டியின் வேறு வேறு மாடல்களுக்கு கம்பெனியே என்னென்ன அளவு கொடுக்கிறது என்று பாருங்கள், அதற்குள் தேர்வு செய்யுங்கள். 2020-இல் வந்த தாரில் ஒரு மாடலுக்கு 255/65 ஆர்18, இன்னொன்றுக்கு 245/75 ஆர்16. மேல் மாடல் வாங்கியவர்கள் பெருமைப்படுவது 18 அங்குல அலாய் (உலோகக் கலவை) டிஸ்க்கைப் பார்த்து. சேற்றுக்கும் கல்லுக்கும் நல்லது அந்தக் கீழ் மாடலின் 16-தான். ஏன் என்பது அடுத்த படியில்.

ஆறாம் படி: டிஸ்க்

டயருக்கு ஆயிரம் யோசிப்பவர்கள் டிஸ்க்கை அழகுக்கு வாங்குகிறார்கள். சாலைக் குழியில் அடிவாங்கி வழியில் நிற்பது பல சமயம் டிஸ்க்கால்தான்.

பெரிய டிஸ்க் என்றால் பக்கச்சுவர் குட்டை. 255/65 ஆர்18-இல் பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர். 245/75 ஆர்16-இல் 184. அந்தப் பதினெட்டு மில்லிமீட்டர்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் நெளிய இடம் தருகிறது, கல்லில் இடிக்கும்போது டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது. நான் 18-ஐக் கழற்றி வைத்துவிட்டு 16-க்கு இறங்கியவன். இறங்குபவர்கள் ஒன்றைச் சோதியுங்கள்: சின்ன டிஸ்க், உள்ளே இருக்கும் பிரேக் காலிபரில் (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) உரசாமல் சுற்ற வேண்டும். காசு கொடுக்கும் முன் ஒரு சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

இரும்பா, அலாயா? கிராமத்துப் பாதைக்கு என் ஓட்டு இரும்புக்கு. பாறையில் அடித்தால் இரும்பு வளையும். பஞ்சர் கடையில் சம்மட்டியால் நாலு தட்டு தட்டி வீடு வந்து சேரலாம். அலாய் பெரும்பாலும் விரிசல் விடும், வெல்டு வைத்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் போக எனக்கு மனம் வராது. இரும்பு கனம், துருப்பிடிக்கும், அழகில்லை. மூன்றும் உண்மை.

வாங்கும்போது நாலு பொருத்தம் பார்க்க வேண்டும். போல்ட் வட்டம்: ஜிம்னிக்கு ஐந்து போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் "இறுக்கினால் உட்கார்ந்துடும்" என்பார்கள், கேட்காதீர்கள். நடுத்துளை: ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) மேல் ஆடாமல் உட்கார வேண்டும். நட்டின் அடி: கூம்பா, உருண்டையா, தட்டையா என்று டிஸ்க்கின் துளையோடு பொருந்த வேண்டும். அலாயின் நட்டை இரும்பு டிஸ்க்கில் முடுக்கினால் முடுக்கிய மாதிரிதான் இருக்கும். ஐம்பது கிலோமீட்டரில் லூஸாகிவிடும். நாலாவது அகலம்: 245/75 ஆர்16-க்கு ஆறரையிலிருந்து எட்டு அங்குல அகல டிஸ்க்தான் சரி.

ஆஃப்செட் என்று ஒரு எண் இருக்கும், டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. அது குறையக் குறைய சக்கரம் மட்கார்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். பார்க்க மல்யுத்த வீரன் மாதிரி இருக்கும். வீல் பேரிங் சீக்கிரம் அலறும், ஸ்டியரிங் கையை உதறும், டயர் வாரி எறியும் சேறு முழுக்கக் கதவிலும் கண்ணாடியிலும் அடிக்கும். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வைத்துத் தள்ளுவதும் இதே கணக்குத்தான், கூடவே போல்ட் முறியும் பயம். கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டியே வாங்குங்கள்.

ஏழாம் படி: மாட்டும் நாள்

கடையில் டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய டயர் கழன்றதும் ரிம்மின் உதட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். செம்மண் துரு அங்கேதான் ஒட்டியிருக்கும், காற்று மெல்லக் கசிய அதுவே காரணம். வால்வை அன்றைக்கே புதிதாக மாற்றுங்கள். திசை அம்புக்குறி இருந்தால் சரிபாருங்கள். நட்டை நட்சத்திர வரிசையில் முடுக்க வேண்டும், கடைசி முடுக்கு கையால், உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு. நட்டு முடுக்கும் இயந்திரத்தால் டர்ரென்று அடித்து விட்டால், நடுவழியில் பஞ்சர் ஆகும்போது வீல் ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தாலும் கழலாது. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி முடுக்குங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகமாக இருக்கட்டும். ஐந்தாவது டயரில் மிச்சம் பிடிக்கிறவர்கள், வெவ்வேறு உயரமுள்ள டயரோடு ஃபோர்-வீல் போட்டு, முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் செலவழிக்கிறார்கள். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுற்றி மாற்றுங்கள்.

எட்டாம் படி: பனி

எங்கள் ஊர் வழியாகப் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே கன்னியாகுமரி, வடக்கே ஸ்ரீநகர். அதனால்தானோ என்னவோ, ஜீப் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வடக்கே ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. மணாலி, ஸ்பிட்டி, லே என்று பட்டியல் போடும்போது, தோட்டத்தில் தூள் கிளப்பிய எம்டியே போதும் என்று நினைக்காதீர்கள். மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எம்டியின் பெரிய கட்டைப் பட்டன் பனியைச் சேறு மாதிரி துப்பிவிடும், பிடித்து வைக்காது. இறுகிய பனியிலும் கண்ணாடி ஐஸிலும் அந்தக் கட்டைகள் மரச்செருப்பு போல வழுக்கும். பனி டயரில் ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அவற்றின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வும். ரப்பரும் வேறு: நம் ஊர் டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும். அந்த இளக்கமே நம் ஊர் சித்திரை வெயிலில் எமன். வெண்ணெய் மாதிரி தேயும். ஆகவே முழுப் பனி டயர் வாங்கி இங்கிருந்து ஓட்டிப் போவது வீண்.

பார்க்க வேண்டியது பக்கச்சுவர்க் குறி. எம்+எஸ் (மட் அண்ட் ஸ்னோ) என்பது பட்டன்களின் வடிவத்தை வைத்துக் கம்பெனி தானே போட்டுக்கொள்வது. பனியில் ஓட்டிச் சோதித்ததற்குச் சான்று இல்லை. மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் படம் இருந்தால், இறுகிய பனியில் சோதித்துத் தேறியது என்று பொருள். பிஎஃப் குட்ரிச் கேஓ2 போன்ற சில ஏடி டயர்களில் அந்தப் படம் உண்டு. அளவுக்கு அளவு மாறக்கூடும், விளம்பரத்தை நம்பாமல் டயரைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். தோட்டத்துச் செம்மண், தொப்பூர் மழை, வருடத்துக்கு ஒருமுறை பனி, மூன்றையும் ஓரளவு சமாளிப்பது இந்த வகை ஏடிதான். நான் கடைசியில் வந்து நின்றதும் இதில்தான்.

ஐஸுக்கு எந்த டயரும் போதாது, சங்கிலி வேண்டும். பனி விழும் நாட்களில் மணாலிப் பக்கம் சங்கிலியும் இல்லாமல் ஃபோர்-வீலும் இல்லாமல் வரும் வண்டிகளைப் போலீஸ் திருப்பி அனுப்புவது வழக்கம். டயர் அளவைச் சொல்லிச் சங்கிலி வாங்குங்கள். பெரிய டயர் போட்டவர்கள் மாட்டிய பிறகு மட்கார்டுக்குள் இடமிருக்கிறதா என்று பாருங்கள். எந்த அச்சில் மாட்டுவது என்பது கையேட்டில் இருக்கும். வீட்டு வாசலில் நாலு முறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். நான் பழகும்போது பாட்டி திண்ணையிலிருந்து, "மாட்டுக்குத்தான் சங்கிலி போடுவாங்க, இதுவும் அத்துக்கிட்டு ஓடுமாடா?" என்றாள். கையுறை போட்டு, இருட்டில், ஒருமுறை பழகிப் பாருங்கள். அங்கே விரல் உங்கள் சொல்பேச்சு கேட்காது.

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குளிரில் காற்று சுருங்கும்: கிருஷ்ணகிரியில் 30 டிகிரியில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர், சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியில் ஏறக்குறைய 6 இழக்கும். ஆனால் லே மாதிரி 3,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேஜ் 4 கூடுதலாகக் காட்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2 குறைந்திருக்கும். வழியில் பார்க்கிறவர்கள் குழம்பிப் போய் மாறி மாறித் திறந்து விடுவார்கள், அடிப்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்து, காலையில் டயர் சூடாகும் முன், ஒருமுறை ஸ்டிக்கர் அளவுக்குச் சரிசெய்தால் போதும். இறுகிய பனியில் சேற்றுக்குக் குறைப்பது போல 18-க்கெல்லாம் குறைக்க வேண்டாம்.

சங்கிலியோடு 40-க்கு மேல் போகாதீர்கள். பனிக்கு நடுவே கறுப்புத் தார் தெரிய ஆரம்பித்ததும் ஓரம் கட்டிக் கழற்றுங்கள். தாரில் ஓடினால் கண்ணி அறுந்து பிரேக் குழாயை அடிக்கும். கழற்றிய சங்கிலியை அப்படியே சாக்கில் போட்டுக் கட்டி வைத்தால் ஊர் வருவதற்குள் துருவேறிவிடும். அன்று இரவு தங்கும் இடத்திலேயே கழுவிக் காயவைத்து, கொஞ்சம் பழைய இன்ஜின் ஆயில் தடவுங்கள். சமவெளிக்கு இறங்கியதும் காற்றை மறுபடி பாருங்கள், மேலே அடித்த அளவு கீழே அதே அளவாக இருக்காது.